ஆபீஸுக்குக் கூப்பிடும் மெயில்... பயம் ஆபீஸைப் பார்த்து அல்ல!

'அடுத்த மாதம் முதல் எல்லோரும் ஆபீஸுக்கு வர வேண்டும்.' ஹெச்.ஆர் மெயிலில் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? 'இத்தனை நாள் சொகுசா இருந்தீங்க, இப்போ வலிக்குதா?' என்று கிண்டல் செய்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறதா? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது பாஸ்!

2020-ல் லாக்டௌன் வந்தபோது சென்னை, பெங்களூரு வீடுகளைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன ஐ.டி ஊழியர்கள் ஏராளம். ஊரிலேயே வீட்டுக் கடன், குழந்தைக்கு அங்கேயே ஸ்கூல், அப்பா அம்மாவுக்கு மருத்துவம் என எல்லாமே அங்கே செட்டில் ஆனது. வருடக்கணக்கில் நீடித்த ஏற்பாட்டை நம்பித்தானே வாழ்க்கையை அமைக்க முடியும்?

2023-ல் காற்று திசை மாறியது. அக்டோபர் முதல் வாரம் 5 நாள் வரச் சொன்னது டி.சி.எஸ். நவம்பர் முதல் வாரம் 3 நாள் கட்டாயம் என்றது விப்ரோ. 2024-ல் டி.சி.எஸ் இன்னும் ஒரு படி மேலே போய், வருகைப்பதிவு 60 சதவிகிதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டின் வேரியபிள் பே கிடையாது என்றது. அமேசானோ 2025 ஜனவரியிலிருந்து வாரம் 5 நாள் என்று அறிவித்தது. ஆக, ஐ.டி கார்டு ஸ்வைப் இப்போது நேரடியாகச் சம்பளத்தையே தொடுகிறது.

'நேரில் இருந்தால்தான் வேலை நடக்கும்' என்பது நிர்வாகங்களின் வாதம். அதில் பாதி உண்மை. புதிதாகச் சேர்ந்தவர்கள் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கிற விஷயங்கள் நிறைய. ஆனால், சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு, 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறனும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கைதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

இப்போ ஒரு சின்னக் கணக்கு. போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம் என்றால், 20 வேலை நாளில் 50 மணி நேரம். அதாவது மாதத்துக்கு அஞ்சரை வேலை நாள், சம்பளமே இல்லாமல். அதோடு பெட்ரோல், ஹாஸ்டல் அல்லது வீட்டு வாடகை, வெளிச் சாப்பாடு. மெயிலில் எழுதப்படாத சம்பளக் குறைப்பு இது. உங்கள் பயம் இதைப் பார்த்துத்தான். எனவே, 'நான்தான் சோம்பேறி ஆயிட்டேனோ' என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்போ என்ன செய்யலாம்?

• ஆஃபர் லெட்டரை எடுத்து, பணியிடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். வீட்டிலிருந்து வேலை என்பது பொதுவான சட்ட உரிமை கிடையாது. நீங்கள் பேசிப் பெற வேண்டிய விஷயம் அது.

• 'வர முடியாது' என்று சொல்லாமல், 'வாரம் 2 நாள் வர்றேன், ஸ்கூல் வருடம் முடியும்வரை டைம் கொடுங்க' என்று தேதியோடு கேளுங்கள். வாய்மொழியாக ஓகே சொன்னாலும் மெயிலில் வாங்கிவிடுங்கள்.

• கைக்குழந்தை இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு பலன் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. தாராளமாகக் கேட்கலாம்.

• கோபத்தில் பேப்பர் போடாதீர்கள். அடுத்த வேலை கையில் வரட்டும். அந்த இன்டர்வியூவில் சம்பளத்தோடு, 'வாரத்துக்கு எத்தனை நாள் வரணும்?' என்பதையும் கேட்டு, ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.