கட்டுமரமும் கற்றமரானும்

ஆங்கிலத்தின் ‘கற்றமரான்’ நம் கட்டுமரம்தான் என்பதில் ஐயமில்லை. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலிலேயே அது சோழமண்டலக் கரை மிதவையின் பெயராக வருகிறது. ஆனால், இரட்டை உடல் படகைத் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்று அடுத்த படிக்குத் தாவுவது பிழை. பருத்தித்துறைக் கரையில் கடலுக்குப் போன கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. செதுக்கிய மரங்களை நெருக்கிக் கயிற்றால் பிணைத்த ஒரே மிதவை அது. இரட்டை உடல் பசிபிக் தீவினரின் மரபு. 1876இல் நியூயோர்க் ஓட்டப்போட்டியில் படகு வடிவமைப்பாளர் ஹெரஷொஃப்பின் இரட்டை உடல் படகான ‘அமரில்லிஸ்’ வென்ற பின்னர் அத்தகைய படகு மேற்கில் கவனம் பெற்றது. நம் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் நமக்கு மிஞ்சுவது வெறும் பெயரா என்று கேட்கலாம். இல்லை, கட்டு மிஞ்சுகிறது. ஆணியடித்த பலகை அலைமோதலில் பிளக்கக்கூடும். கயிற்றுக்கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இடைவெளிகளால் நீர் வழிந்தோடுவதால் இறைக்க வேண்டியதில்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவிடலாம். பெருமை பேச இது போதாதா? பைபர் படகுகள் வந்தபின் இந்தக் கட்டும் கை அருகிவருகிறது. அகராதியில் பெயர் இருக்கிறதென்று மகிழ்வோர், வடமராட்சிக் கரையில் கட்டத் தெரிந்த முதியவர்களிடம் போய் அந்த முடிச்சுகளைப் படமெடுத்து வைக்கட்டும்.