பங்குனியில் காய்ந்த செடிக்கு யார் பொறுப்பு?

"எனக்குக் கைராசி இல்லை சார்" என்று மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரை யாராவது ஒருவர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, அந்த உற்சாகம் ஆறுவதற்குள் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாலு தொட்டி வாங்கி வந்திருப்பார்கள். பீஸ் லில்லி ஒன்று, அரேகா பாம் ஒன்று, ஒரு பெரணி, பூவோடு ஒரு ரோஜா. பங்குனி பாதிக்குள் இரண்டு போய்விடும். அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது நாலுமே குப்பை வண்டியில். ஏன் செத்தது என்று கேட்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார்கள்.

இந்தக் கைராசிப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கோப்பை மூட வேண்டுமென்றால் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி போதும். என்ன நடவடிக்கை, யார் எடுத்தார், எந்தத் தேதியில் என்று பிறகு எவரும் கேட்கமாட்டார்கள். கைராசி என்பதும் அந்த மாதிரி ஒரு வரிதான். அதை எழுதியவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. விற்றவர் தப்பினார், வெயில் தப்பியது, மண் தப்பியது. மாட்டிக்கொண்டது வாங்கி வந்து தண்ணீர் ஊற்றிய அம்மாள் மட்டும்.

சரி, விசாரிப்போம். அந்தச் செடி எங்கிருந்து வந்தது? நம் பக்கத்துக் கடைகளில் நிற்கும் செடிகளில் நிறைய, கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. ரோஜா என்றால் ஓசூர், பெங்களூர்ப் பக்கம். அங்கே பச்சை வலைக்குக் கீழே, ஈரக்காற்றில், வேளாவேளைக்கு நீர் தெளித்து வளர்த்தது. ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை லாரியில் காற்று அடித்திருக்கும். பிறகு கடையில் சில நாள். அதற்குப் பிறகுதான் உங்கள் வீடு. அதன் வேர் இருப்பது மண்ணிலா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. கோகோபீட் என்று சொல்கிறார்களே, அந்தத் தேங்காய் நார்த்தூள். கனம் இல்லாததால் லாரிக்கு லாபம். ஈரமாக இருக்கிறவரை நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் பக்கத்தை விட்டு விலகிக்கொள்ளும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடியில் ஓடிப்போகும். பார்ப்பவருக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, செடிக்கு ஒரு சொட்டும் சேரவில்லை. அப்படிக் காய்ந்த தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் அப்படியே அமிழ்த்தி வைக்க வேண்டும். இதை எந்தக் கடைக்காரராவது உங்களிடம் சொன்னாரா? நான் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "எல்லாம் பொழச்சிக்கிட்டா நாங்க எப்படி சார் பொழைக்கிறது?" என்று சிரித்தார்.

அடுத்தது காலம். கைப்பேசியைத் திறந்தால், மார்ச் வந்துவிட்டது, வசந்தம் பிறந்துவிட்டது, தொட்டி மாற்றுங்கள், உரம் போடுங்கள், கவாத்துச் செய்யுங்கள் என்று அறிவுரை கொட்டுகிறது. எனக்கு இது பழைய பாடம். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். மார்ச் 21ஆம் தேதி வசந்தம் பிறக்கும், பனி உருகும், தகைவிலான் குருவி திரும்பி வரும், லிலா பூக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்திருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டிருப்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அது பாடம், இது பாண்டி என்று எட்டு வயதுப் பையன்களான எங்களுக்கே தெரிந்திருந்தது. ஒருவனும் வீட்டுக்குப் போய் அதன்படி செடி நட்டதில்லை. இன்று அதே பாடத்தைத் தமிழில் சொல்கிறார்கள், பேரப்பிள்ளை பெற்றவர்கள் கைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பாரிஸில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 8 மணி நேரம், ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம். அங்கே வீட்டுக்குள் குளிர்காலம் முழுக்கத் தூங்கிய செடிக்கு மார்ச்சில் விழிப்பு வருகிறது. அப்போது தொட்டி மாற்றினால் தளிர்க்கும், சரி. புதுச்சேரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே செடி தூங்கியதே இல்லை, விழிப்பதற்கு! நம் செடிகளுக்குக் காலம் என்பது மழையும் வெயிலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தது மண்ணுக்குள் இருக்கும்வரை சுகம். பங்குனியில் அது வற்றுகிறது. வேம்பு பூக்கிறது, புங்கன் தளிர் விடுகிறது, கார்த்திகை வாக்கில் கவாத்துச் செய்த குண்டுமல்லி மொட்டு வைக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். அவை தரையில் நிற்பவை, ஆழத்தில் வேர் விட்டவை. ஒரு சொம்பு மண்ணில் நிற்கும் தொட்டிச் செடி அவற்றைப் பார்த்து வசந்தம் கொண்டாட முடியாது. அதை அந்த நேரத்தில் பிடுங்கி, வேரை அறுத்து, வேறு தொட்டியில் வைத்து, மேலே ரசாயன உரத்தையும் தூவினால் என்ன ஆகும்? அறுந்த வேர் தண்ணீர் ஏற்றாது, இலை வெயிலில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், உப்புரம் மிச்ச வேரையும் சுடும். தொட்டி மாற்றுவதானால் தை முடிவதற்குள் மாற்றுங்கள், இல்லையேல் ஆடிக்குக் காத்திருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் தோட்டக்கலைப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர், ஆனால் இந்த ஊர் வெயிலில் நின்றவர்கள்.

நல்ல செடி வளர்ப்பவரை பிரெஞ்சில் 'மேன் வெர்த்' உடையவர் என்பார்கள், பச்சைக் கை என்று பொருள். ஆகவே கைராசி நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. ஆனால் அங்கே பச்சைக் கை இல்லாதவரைக் கேலி செய்வதோடு முடிந்துவிடும். நம் வீடுகளில் அது வேறெங்கோ போய் நிற்கிறது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

என் மனைவிக்குத் தெரிந்த அக்காள் தங்கை இருவர். அக்காள் பழைய வீட்டில் இருக்கிறார். தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடு, கிழக்கு வெயில் பத்து மணி வரை, பிறகு நிழல். எதை வைத்தாலும் தழைக்கும். ஊரெல்லாம் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். தங்கை, கணவர் காலமான பிறகு மகனோடு மூன்றாவது மாடி அடுக்ககத்துக்குப் போனவர். மேற்குப் பார்த்த பால்கனி. மதியம் ஒரு மணிக்கு ஏறும் வெயில் ஆறு மணி வரை சுவரையும் தரையையும் காய்ச்சும். வைத்த மல்லி கருகியது, துளசி கருகியது. உறவுக்காரர் ஒருவர், அவர் காதில் விழும்படியே, "அவ கை அப்படி ஆயிடுச்சி, இனிமே எதையும் நடாம இருந்தா நல்லது" என்றார். அந்த அம்மாள் அன்றிலிருந்து கறிவேப்பிலைகூட மருமகளைக் கிள்ளித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

என் மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். தங்கையின் கருகிய மல்லித் தொட்டியை அக்காள் வீட்டு முற்றத்தில் வைத்தோம். தினம் தண்ணீர் ஊற்றுவது தங்கைதான், வேறு யாரும் தொடக்கூடாது என்று ஏற்பாடு. அவரும் மாலை நடைக்கு வருகிற சாக்கில் வந்து ஊற்றினார். அக்காளுடைய செழித்த பெரணி ஒன்றை மேற்குப் பால்கனிக்குக் கொண்டுபோனோம். அதற்கு அக்காளே வந்து தண்ணீர் ஊற்றினார். பத்து நாளில் பெரணி அப்பளமாகிவிட்டது. ஒன்றரை மாதத்தில் மல்லியில் அடிக்கட்டையிலிருந்து மூன்று தளிர். இரண்டு கையும் இடம் மாறவில்லை, தொட்டிதான் மாறியது. இதற்கு அந்த உறவுக்காரர் சொன்னதைக் கேளுங்கள்: "அது அந்த மனையோட ராசி." கையிலிருந்து மனைக்குப் போய்விட்டது ராசி! பாதி உண்மைக்கு வந்துவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

மாதவிலக்கில் துளசியைத் தொட்டால் பட்டுவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிட முயன்றவர்களும் உண்டு. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், தொண்டை அடைப்பான் நோய்க்குச் சோதனை கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர், அந்த நாளில் பெண் கை பட்ட பூ வாடுகிறது, உடம்பில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். அப்படி ஒரு நஞ்சு நிரூபணம் ஆகவில்லை. படித்தவர் சொன்னாலும் பொய் பொய்தான். வயல் நாற்று நடுகிற பெண்களிடம் எந்தப் பண்ணையாராவது நாள் கேட்டுவிட்டு வேலைக்குக் கூப்பிட்டாரா? அங்கே பட்டுப்போகாத பயிர் வீட்டுத் துளசி மாடத்தில் மட்டும் பட்டுப்போகுமா?

நிஜக் காரணங்கள் இன்னும் இருக்கின்றன, அவை எவரும் கவனிக்காத இடத்தில் இருக்கின்றன. குடிநீர் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செடிக்கு ஊற்றுகிறார்கள். கடலோர ஊரில் நிலத்தடி நீரே உப்பு. அதன் உப்பெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கழிவுநீர். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்து, இலை நுனி கருகினால் அதுதான் சங்கதி. அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுங்கள், செடிக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கொதிக்கும், விடியலில்தான் பிடிக்க வேண்டும். அழகுக்காக வாங்குகிற பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இருக்காது, வேர் அழுகும். கீழே வைக்கும் தட்டில் ஒரு வாரம் நீர் நின்றால் டெங்குக் கொசு. அப்புறம் 'நிழல் செடி' என்று விற்பதை இருட்டறைச் செடி என்று எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது. புத்தகம் படிக்க விளக்குப் போட வேண்டிய மூலை என்றால் அது செடிக்கும் போதாது. மணிபிளாண்ட் மட்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். அது பிரெஞ்சு பாலினேசியாவில் மூரேயா என்ற தீவுக்காரச் செடி, நம்மைப் போலவே எந்த நிர்வாகத்தின் கீழும் பிழைத்துக்கொள்ளும்.

எனவே இந்தப் பங்குனியில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இருப்பதை மேற்கு வெயிலிலிருந்து நகர்த்தி, ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஆடி பிறந்ததும் எங்கள் வீட்டில் செம்பருத்திக் குச்சியும் ஓமவல்லியும் மருளும் தயாராக இருக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து வைத்திருப்பேன். அந்தத் தங்கை அம்மாள்தான் பதியன் போட்ட மல்லிக் கன்றுகளை எடுத்துத் தருவார், இரண்டு வருடமாக அது அவருடைய இலாகா. வேண்டுபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். தொட்டியை நீங்களே கொண்டுவாருங்கள், அடியில் ஓட்டை இருக்கட்டும்.