கூடாரம் அடித்தவன் சொன்ன பொய்

தமிழில் நகைச்சுவைக் காதல் படம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது ஸ்ரீதர் இயக்கி 1964ஆம் ஆண்டு வந்த ‘காதலிக்க நேரமில்லை’. அதில் அறிமுகமான ரவிச்சந்திரன் நம் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பது மாணவர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். முழுப் படத்தையும் பாருங்கள். காதலுக்கு முன்னால் அதில் ஒரு வேலைநீக்கம் இருக்கிறது. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் மகள் நிர்மலாவோடு ஊழியன் அசோக்குக்கு வாய்த்தகராறு. விசாரணை எதுவும் இல்லாமல் அவனுக்கு வேலை போகிறது. பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, ஆட்டமும் பாட்டுமாக வேலையைத் திரும்பக் கேட்கிறான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. அங்கே வேலை போனால் லயன் வீடும் போகும். நம் நாட்டின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மனுச் செய்து வேலையைத் திரும்பக் கேட்கலாம். (படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

காதல் வந்த பிறகுதான் நெருடுகிறது. துணிந்து நியாயம் கேட்ட அதே அசோக், பெண் கேட்கும்போது கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்கிறான். நண்பன் வாசு பணக்காரத் தகப்பனாக வேடம் கட்டுகிறான். பணத்தை மட்டுமே பார்க்கும் விஸ்வநாதன் ஏமாறும்போது நாம் சிரிப்பது நியாயம்தான். ஆனால் வசதியில்லாத சொந்தத் தகப்பனை ஒளித்துவிட்டு இன்னொருவனை அப்பா என்கிறானே!

ஒன்றைக் கவனியுங்கள். நிர்மலாவை அவன் ஏமாற்றவில்லை. அவன் யார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் அறை எடுத்து, பக்கத்தில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அப்பா லோரி ஓட்டுகிறார் என்று தோழியிடம் சொல்லக் கூசி, ‘பிசினஸ்’ என்று மழுப்புகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. இரவல் காரோடு எடுத்த படம் இன்ஸ்டாகிராமில் ஏறுகிறது. அசோக் பொய் சொன்னது முதலாளியிடம். இவர்கள் சொல்வது காதலிக்கும் பெண்ணிடமே.

பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். கூடாரக் காட்சி வரும்போது, அவர்கள் தோட்டத்தில் துரையை எதிர்த்துப் பேசியவர் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள்.