நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

விமான விபத்துச் செய்தி என்றதும் நமது கண்கள் முதலில் தேடுவது ஓர் எண்ணிக்கையைத்தான். எத்தனை பேர் மரணம்? ஒருவரும் இல்லை என்று அறிந்ததும் "நல்லவேளை" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். ஆனால் உயிர்ச்சேதம் இல்லாத விபத்துக்கள்தாம் நமக்கு அதிகம் கற்றுத் தரக்கூடியவை. அவற்றில் விமானமும் மிஞ்சுகிறது, விமானியும் மிஞ்சுகிறார். நடந்ததைச் சொல்ல ஆளிருக்கிறது. கேட்க நமக்கு மனமிருக்கிறதா என்பதே கேள்வி.

இதற்கு அவுஸ்திரேலியாவின் தேசிய விமானசேவையான குவான்டாஸின் கதை நல்ல உதாரணம். 1920 இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட இந்த நிறுவனம் நமக்கும் அந்நியமானதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 முதல் 1945 வரை, பேர்த் நகரிலிருந்து நமது தென்கரையிலுள்ள கொக்கலை வாவிக்கு அதன் கற்றலீனா விமானங்கள் வந்து போயின. இடையில் எங்கும் தரிக்காமல் ஏறத்தாழ முப்பது மணித்தியாலப் பயணம்! ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்களாம்.

இந்த நிறுவனம் விபத்தையே அறியாதது என்றொரு நம்பிக்கை உலகில் உண்டு. 1988 இல் வெளியான 'ரெயின் மேன்' என்ற ஆங்கிலத் திரைப்படம் அந்த நம்பிக்கையை மேலும் பரப்பியது. உண்மை அதுவல்ல. ஆரம்ப காலங்களிலும் போர்க் காலத்திலும் அதன் விமானங்கள் விழுந்து பலர் இறந்திருக்கின்றனர். 1951 இல் நியூகினியில் நேர்ந்த விபத்தில் ஏழு பேர் பலியாகினர். ஆனால் ஜெட் விமானங்கள் வந்த பின்னர் அது உயிர்ப்பலி கொண்ட விபத்தைச் சந்திக்கவில்லை என்பது உண்மை. அப்படியானால் ஆபத்தே வரவில்லையா? வந்தது. பலமுறை வந்தது.

1999 செப்டம்பர் 23 ஆம் திகதி இரவு. சிட்னியிலிருந்து லண்டன் செல்லும் வழியில், 400 க்கும் மேற்பட்டோருடன் ஒரு போயிங் 747 விமானம் பாங்கொக்கில் இறங்குகிறது. கொட்டும் மழை. ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறது. விமானத்தைச் செலுத்தியவர் துணை விமானி. இறங்கும் நேரத்தில் தலைமை விமானி, "மீண்டும் மேலே எழுப்பு" என்கிறார். மறுகணம் சக்கரங்கள் தரையில் பட, அவர் மனம் மாறுகிறது. வாயால் ஒன்றும் சொல்லாமல், விசையைக் குறைக்கும் நெம்புகோல்களைத் தம் கையாலேயே பின்னால் இழுக்கிறார். அந்தக் குழப்பத்தில், இயந்திர விசையைப் பின்னோக்கித் திருப்பி வேகத்தைத் தணிக்க வேண்டும் என்பது எவருக்கும் நினைவில் வரவில்லை. தண்ணீரில் வழுக்கிச் சென்ற விமானம் ஓடுபாதையைத் தாண்டி 220 மீற்றர் தூரம் ஓடித்தான் நின்றது. பாரதூரமான காயம் எவருக்குமில்லை.

"விமானியின் தவறு" என்று ஒரே வரியில் கோப்பை மூடியிருக்கலாம். அவுஸ்திரேலிய போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் அப்படிச் செய்யவில்லை. யாருக்குத் தண்டனை என்று தீர்மானிப்பது அதன் வேலையன்று. இன்னொரு தடவை நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று தேடுவதே அதன் வேலை. 2001 இல் வெளியான அறிக்கை விமானி அறையோடு நிற்காமல், நிறுவனத்தின் அலுவலகக் கதவையும் தட்டியது. இறக்கை மடிப்புக்களை முழுமையாக விரிக்காமலும் பின்னோக்கு விசையை முழுமையாகப் பயன்படுத்தாமலும் இறங்குவதை நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வழமையாக்கியிருந்தது. செலவைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நீர் தேங்கிய ஓடுபாதையில் இது எவ்வளவு ஆபத்தானது என்று சரியாக ஆராயப்படவில்லை. விமானிகளுக்குப் போதிய பயிற்சியும் அளிக்கப்படவில்லை. ஆக, அன்றிரவு நடந்த தவறின் வேர் பாங்கொக்கில் இல்லை. அது பல மாதங்களுக்கு முன்னரே மேசையொன்றில் முளைத்து விட்டது!

2008 ஜூலை 25 ஆம் திகதி ஹொங்கொங்கிலிருந்து மெல்பேர்ண் நோக்கிப் பறந்த மற்றுமொரு 747 இல், 29,000 அடி உயரத்தில் பெரும் சத்தம். அவசர தேவைக்காக வைக்கப்பட்டிருந்த ஒட்சிசன் சிலிண்டர்களில் ஒன்று வெடித்து, விமானத்தின் பக்கச் சுவரில் ஓர் ஆளே நுழையக்கூடிய ஓட்டையைப் போட்டுவிட்டது. விமானிகள் வேகமாகக் கீழிறக்கி மணிலாவில் தரையிறக்கினர். ஒருவருக்கும் காயமில்லை. வெடித்த சிலிண்டர் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விட்டதால், அது ஏன் வெடித்தது என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்று விசாரணையாளர் எழுதினர். தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் ஒரு நேர்மை வேண்டும் அல்லவா?

அதே ஆண்டு ஒக்டோபர் 7 ஆம் திகதி. சிங்கப்பூரிலிருந்து பேர்த் சென்ற எயார்பஸ் ஏ330 விமானம் 37,000 அடி உயரத்தில் அமைதியாகப் பறந்து கொண்டிருந்தது. திடீரென்று அதன் மூக்கு தானாகவே கீழ்நோக்கிச் சாய்ந்தது. சற்று நேரத்தில் மீண்டும் ஒரு தடவை. விமானிகளின் கை அதில் இல்லை. ஒரு கணனிப் பகுதி பிழையான தரவுகளை அனுப்ப, பறப்பைக் கட்டுப்படுத்தும் கணனிகள் அதை நம்பிவிட்டன. பட்டி அணியாதோர் முகட்டில் மோதி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பன்னிரண்டு பேரின் காயம் கடுமையானது. விமானம் லியர்மன்த் என்ற ஒதுக்குப்புறமான விமானத் தளத்தில் இறக்கப்பட்டது. ஆசனத்தில் அமர்ந்திருந்தும் பட்டி அணியாதிருந்தோர் அறுபதுக்கும் அதிகம்.

நான்காவது சம்பவம் 2010 நவம்பர் 4 ஆம் திகதி நடந்தது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய இராட்சத ஏ380 விமானத்தில் 469 பேர். சில நிமிடங்களில் இரண்டாவது இயந்திரம் வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன, எரிபொருள் கசிந்தது, மின்சாரக் கம்பிகள் அறுந்தன. எச்சரிக்கைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரையை நிறைத்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பதறவில்லை. எது எது கெட்டது என்று எண்ணுவதை விட்டு, எது எது இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணத் தொடங்கினார். அவசரப்பட்டு இறக்காமல், வானில் வட்டமிட்டபடி ஒவ்வொன்றாகப் பரிசோதித்த பின்னரே சாங்கி விமான நிலையத்தில் இறக்கினார். அப்போதும் ஓர் இயந்திரம் நிற்க மறுத்தது. அதை நிறுத்த ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் பிடித்தன. பயணிகளைச் சறுக்குப் பாதையில் அவசரமாக இறக்கினால் கால் கை முறியும், கசிந்த எரிபொருளுக்கும் ஓடும் இயந்திரத்துக்கும் அருகே போய்விடுவர் என்றெண்ணி, படிக்கட்டு வரும் வரை அவர்களை உள்ளேயே அமர்த்தி வைத்தார்கள். விமானத்திலிருந்த ஒருவருக்கும் காயமில்லை.

இத்தனைக்கும் காரணம் என்ன? இயந்திரத்தினுள் எண்ணெய் கொண்டுசெல்லும் ஒரு சிறு குழாய். தொழிற்சாலையில் அதனுள்ளே குடைந்தபோது மையம் சற்று விலகி, ஒரு பக்கச் சுவர் மெலிந்து போயிருந்தது. காலப்போக்கில் அங்கே வெடிப்பு விழுந்து, எண்ணெய் கசிந்து தீப்பற்றியது. யாரும் இறக்கவில்லை என்று இதை மறந்திருந்தால்? அதே குறையுள்ள வேறு இயந்திரங்கள் தொடர்ந்து பறந்திருக்கும். மறக்கவில்லை. நிறுவனம் தனது ஏ380 விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்தியது. அதே ரக இயந்திரங்கள் சோதிக்கப்பட்டன, குறையுள்ளவை கழற்றப்பட்டன.

நற்பெயர் ஓர் ஆபத்தான செல்வம். "நமக்கு ஒன்றும் நேராது" என்ற நினைப்பைத் தந்து, கேள்வி கேட்கும் பழக்கத்தை அது பறித்துவிடும். இந்த விமானங்கள் விழாமற் போனதற்குத் தேர்ந்த விமானிகளும் ஒரு காரணம், ஒவ்வொரு தப்புதலின் பின்னும் "ஏன்?" என்று விடாமல் கேட்டவர்களும் ஒரு காரணம்.

விமானத்தில் செல்வோர் நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. விளக்கு அணைந்தாலும், அமர்ந்திருக்கும் வரை பட்டியைத் தளர்வாகவேனும் அணிந்திருங்கள். ஒட்சிசன் முகமூடி விழுந்தால் அதை உங்கள் பக்கம் இழுத்தால்தான் காற்று வரும். முதலில் நீங்கள் அணிந்து, பின் பிள்ளைக்கு அணிவியுங்கள். பணியாளர் "இருங்கள்" என்றால் இருங்கள். "வெளியேறுங்கள்" என்றால் பையைத் தேடாமல் வெளியேறுங்கள்.

வீட்டிலிருப்போருக்கும் ஒன்று உண்டு. அடுப்படியில் சுடுநீர்க் கேத்தல் சரிந்து விழுகிறது. தவழும் பிள்ளை ஒரு முழத் தூரத்தில் தப்பிவிடுகிறது. "நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை" என்று பிள்ளையைத் தூக்கி முத்தமிடுகிறோம். முத்தமிடுங்கள், தவறில்லை. ஆனால் அந்தக் கேத்தலை மீண்டும் அதே விளிம்பில் வைத்து விடாதீர்கள்.