ஆபாசமா கலையா என்று கேட்பவர்கள் எதை மறைக்கிறார்கள்?

2013 மே 26 அன்று பாரிஸ் வீதிகளில் தன்பாலினத் திருமணச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. அதே நாள் மாலை கான் திரைப்பட விழாவில், இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'ப்ளூ இஸ் த வார்மஸ்ட் கலர்' என்ற பிரெஞ்சுப் படத்துக்குத் தங்கப் பனை விருது கிடைத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமையிலான நடுவர் குழு, இயக்குநர் அப்தெலதீஃப் கெஷீஷுக்கு மட்டுமல்லாமல், நடித்த அடேல் எக்ஸார்க்கோபூலோஸ், லியா செய்தூ ஆகிய இருவருக்கும் சேர்த்தே அந்த விருதை அறிவித்தது.

மூன்று மணி நேரப் படம். அதில் ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் ஒரு உடலுறவுக் காட்சி. அந்த ஏழு நிமிடத்தை வைத்துப் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு 'ஆபாசம்' என்று முகம் சுளித்தது. இன்னொரு தரப்பு 'இதுதான் கலை, தாங்க முடியாதவன் பழமைவாதி' என்று மார்தட்டியது. நாம் இந்த இரண்டு தரப்பையும் எதிர்த்தே எழுதுகிறோம்.

முதலில் கலாச்சாரக் காவலர்களைப் பார்ப்போம். பிரான்சில் இந்தப் படத்தை 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம் என்று எச்சரிக்கைக் குறிப்போடு அனுமதித்தார்கள். கிறிஸ்தவ விழுமியங்களைக் காக்கப் புறப்பட்ட 'புரோமுவார்' என்ற அமைப்பு நீதிமன்றம் போனது. 2015 டிசம்பரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. இத்தனை ஆண்டு வழக்காடியவர்கள், அந்தக் காட்சியில் நடித்த பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்று கேட்டு வழக்குப் போட்டார்களா? இல்லை. அவர்களுடைய கவலையெல்லாம் பார்ப்பவனின் கற்பைப் பற்றியது.

அடுத்து, கலையின் பாதுகாவலர்கள். இவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடேல் சாப்பிடுவதையும் அழுவதையும் தூங்குவதையும் கேமரா இத்தனை நெருக்கத்தில் காட்டும்போது, அவள் காதலிப்பதை மட்டும் ஏன் திரை போட்டு மறைக்க வேண்டும் என்கிறார்கள். சரியான கேள்விதான். வர்க்கத்தை இந்தப் படம் கையாளும் விதமும் கூர்மையானது. அடேல் வீட்டில் தட்டு நிறைய ஸ்பகெட்டி. எம்மா வீட்டில் சிப்பியும் வெள்ளை ஒயினும். எம்மாவின் பெற்றோர் மகளின் காதலியை வாழ்த்தி வரவேற்கிறார்கள். அடேல் வீட்டில் எம்மா படிப்புக்கு உதவ வந்த தோழியாக நடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதே போதும் என்று நினைக்கும் அடேலை, எம்மாவின் கலைஞர் கூட்டம் இரக்கத்தோடு பார்க்கிறது. கீழே இருந்து மேலே பார்த்த எவருக்கும் அந்தப் பார்வை புரியும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டே கேட்கிறோம். படத்தின் வர்க்கப் பார்வையைப் பாராட்டிய விமர்சகர்களில் எத்தனை பேர், அந்தப் படத்தில் வேலை செய்தவர்களின் வர்க்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்?

விருது அறிவிக்கும் முன்பே, கான் விழா நடந்துகொண்டிருந்தபோதே, பிரெஞ்சுத் திரைத் தொழிலாளர் சங்கமான ஸ்பியாக்-சேஜேதே ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலை நேரத்துக்கு ஒழுங்கே இல்லை, உழைத்த நேரம் முழுமையாகக் கணக்கில் வரவில்லை, தொழில்நுட்பக் கலைஞர்கள் இழிவாக நடத்தப்பட்டார்கள், சிலர் பாதியிலேயே விலகிப் போனார்கள் என்று அது குற்றம் சாட்டியது. இரண்டரை மாதத்தில் முடிய வேண்டிய படப்பிடிப்பு ஏறத்தாழ ஐந்து மாதம் இழுத்தது. விளக்குப் பிடித்தவரின் தூக்கமும் ஒலிப்பதிவாளரின் ஞாயிற்றுக்கிழமையும் 'மேதையின் தேடல்' என்ற பெயரில் விழுங்கப்பட்டன.

அடுத்து நடிகைகள் பேசினார்கள். அந்த ஒரு காட்சியை எடுக்கப் பத்து நாள் ஆனது என்றார்கள். படப்பிடிப்பு கொடுமையாக இருந்தது, இனி இந்த இயக்குநரோடு வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். படத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறோம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். படப்பிடிப்பின்போது எக்ஸார்க்கோபூலோஸுக்கு வயது 18. 'சம்மதித்துத்தானே நடித்தாள்' என்கிறார்கள் ரசிகர்கள். முதல் நாள் கொடுத்த சம்மதம் பத்தாம் நாளும் செல்லுமா? ஒரு பெரிய இயக்குநரிடம் 18 வயதுப் பெண் 'போதும்' என்று சொல்லிவிட முடியுமா? கூலி வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வேலைக்கு வர ஒப்புக்கொண்டது அடிமைச் சாசனத்தில் கைநாட்டு வைத்தது ஆகாது என்று.

மூன்றாவதாகப் பேசியவர், இந்தப் படத்துக்கு மூலமான சித்திரக் கதையை 2010இல் வெளியிட்ட ஜூலி மரோ. இன்று ஜுல் மரோ என்ற பெயரில் எழுதுகிறார். கதையை மாற்றியதற்காக அவர் சண்டை பிடிக்கவில்லை. படம் இயக்குநருடையது என்று பெருந்தன்மையோடு ஒதுங்கினார். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் இல்லாமல் போனது தன்பாலினக் காதல் கொண்ட பெண்கள்தான் என்று போட்டு உடைத்தார். திரையரங்கில் அந்தக் காட்சிக்குப் பலர் சிரித்ததையும், சிரிக்காமல் கண்ணால் மேய்ந்துகொண்டிருந்தவர்கள் ஆண்கள் என்பதையும் எழுதினார். யாருடைய வாழ்க்கையோ அவர்களைக் கேட்காமல், அவர்களைப் பற்றிப் படம் எடுத்து அவர்களுக்கே காட்டுவது நமக்குப் புதிதா என்ன?

இனிதான் நமக்கு மிக நெருக்கமான இடம். இந்தக் குற்றச்சாட்டுகளுக்குக் கெஷீஷ் சொன்ன பதிலில் ஒன்று வர்க்கம். சொகுசில் பிறந்தவர்கள்தான் இப்படிப் புகார் சொல்வார்கள் என்ற தொனியில் லியா செய்தூவைத் தாக்கினார். செய்தூவின் குடும்பம் பெரிய குடும்பம்தான். தாத்தா பாத்தே நிறுவனத்தின் தலைவர். கோமோன் நிறுவனமும் அந்தக் குடும்பத்தின் கையில். கெஷீஷோ துனிசில் பிறந்து, சிறு வயதிலேயே நீஸ் நகரத்துக்குப் பெற்றோரோடு குடிபெயர்ந்தவர். பிரெஞ்சுத் திரையுலகில் ஓர் அரபுக் குடியேறியின் மகன் இந்த இடத்தை அடைய என்ன விலை கொடுத்திருப்பார் என்று நாம் அறிவோம். அந்த மரியாதையில் ஒரு துளியும் குறைக்க மாட்டோம்.

ஆனால் அந்தத் தொழில்நுட்பக் கலைஞர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள்? எக்ஸார்க்கோபூலோஸின் தாத்தா எந்த நிறுவனத்தின் தலைவர்? செய்தூவின் செல்வத்தைக் காட்டி மற்ற எல்லோருடைய வாயையும் அடைப்பது வர்க்க அரசியல் அல்ல. முதலாளி பேசும் பேச்சு அது. ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து வந்தவர் என்பது அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்துவதற்கான உரிமம் ஆகிவிடாது. 'முதலில் சாதி ஒழியட்டும், உன் புகாரைப் பிறகு பார்க்கலாம்' என்ற வாக்கியத்தை தலித் பெண்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! அந்தப் 'பிறகு' வந்ததே இல்லை.

கெஷீஷுக்கு இது தெரியாததும் அல்ல. 2010இல் அவர் எடுத்த 'பிளாக் வீனஸ்', சார்ட்யே பார்ட்மன் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணின் கதை. லண்டனிலும் பாரிசிலும் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டவர் அவர். இறந்த பிறகு கூவியே என்ற அறிவியலாளர் அவர் உடலைக் கூறுபோட்டார். அவருடைய எலும்புக்கூடு 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. 2002இல்தான் அவர் உடலின் மிச்சங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பின. காட்சிக்கு நிறுத்தப்படும் பெண்ணின் வலியைப் படமாக்கிய அதே மனிதரின் அடுத்த படப்பிடிப்பைத்தான் இரண்டு பெண்கள் கொடுமை என்றார்கள். 2019இல் அதே கான் விழாவில் அவருடைய 'மெக்தூப் மை லவ்: இன்டர்மெஸ்ஸோ' திரையிடப்பட்டது. மீண்டும் நீண்ட உடலுறவுக் காட்சி. பலர் எழுந்து வெளியேறினார்கள். நடித்த ஒஃபெலி போ திரையிடலில் உட்காரவில்லை. செய்தியாளர் சந்திப்புக்கும் வரவில்லை. அப்போதும் விவாதம் 'ஆபாசமா, கலையா' என்றே ஓடியது.

நிர்வாணத்தைத் தடை செய் என்று நாம் கேட்கவில்லை. வெட்டும் கத்தரி எப்போதும் எளியவர் பக்கமே முதலில் திரும்பும். இரண்டு பெண்களின் காதலைத் திரையில் முழுதாகக் காட்டுவதும் தேவையான அரசியல்தான். நாம் கேட்பது தொழிலாளர் உரிமை. எந்தக் காட்சி, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். நடிப்பவர் 'போதும்' என்றால் கேமரா நிற்க வேண்டும். உழைத்த மணிநேரத்துக்கெல்லாம் கூலி வேண்டும். இது நடக்காத கனவல்ல. 'த டியூஸ்' தொடரில் நடித்த எமிலி மீட் என்ற நடிகை கேட்ட பிறகு, நெருக்கக் காட்சிகளை ஒருங்கிணைக்கத் தனி ஆளை நியமிக்கும் வழக்கத்தை எச்.பி.ஓ. நிறுவனம் 2018இல் தன் தொடர்கள் எல்லாவற்றுக்கும் விரித்தது. வாய் திறந்து கேட்ட ஒரு பெண்ணால் வந்த மாற்றம் அது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒரு படத்தின் படுக்கையறைக் காட்சியை வைத்து இரண்டு கூட்டம் மோதிக்கொள்ளும்போது, எந்தப் பக்கம் நிற்பது என்று அவசரப்பட வேண்டாம். அந்தக் காட்சியை எடுத்தபோது அங்கே இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். அவர்கள் பக்கம் நில்லுங்கள்.