எத்தனை வெடி போட்டாய், எத்தனை கேட்டது?

கோலார் தங்கவயலில் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நடுராத்திரியில் அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் தானாகக் கிணுகிணுக்கும். ஒரு நொடி தரை அசையும். பெரியவர்கள் "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீழே, சில இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், அழுத்தம் தாங்காத பாறை வெடித்துச் சிதறுகிற சத்தம் அது. டம்ளர் சத்தம் நின்றதும் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். "இந்த ஷிஃப்ட்ல யாரு இறங்கியிருக்காங்க?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி.

என் அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலையில் இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது வீட்டுக்கு வந்தார். வேலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "பத்துத் துளையில மருந்து வச்சா பத்து சத்தம் கேக்கணும்டா. ஒம்பதுதான் கேட்டுதுன்னா, நாம எண்ணுனது தப்புன்னு நெனைக்கக் கூடாது. ஒண்ணு உள்ளே உக்காந்திருக்குன்னு நெனைக்கணும்." அந்தப் பத்தாவது வெடி அடுத்த ஷிஃப்ட்டில் துளை போட வருபவனுக்காகக் காத்திருக்கும்.

நான் இப்போது கனடாவில், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளின் காரணத்தைத் தேடுகிற வேலையில் இருக்கிறேன். அப்பா செய்தது வெடிக்கு முந்தைய கணக்கு, நான் செய்வது பிந்தைய கணக்கு என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள் :-)

2021 பிப்ரவரி 23 அதிகாலையில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் ஹிரேநாகவள்ளியில் ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். 2007 வரை அது எங்கள் கோலார் மாவட்டம்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 21 இரவு, ஷிவமொக்கா அருகே ஹுணசோடு கல்குவாரிப் பக்கம் வெடிபொருள் ஏற்றிய லாரி வெடித்தது. குறைந்தது ஐந்து பேர் பலி. பக்கத்து மாவட்டங்களிலும் வீடுகள் அதிர்ந்து, நிலநடுக்கம் என்று ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஷிவமொக்காவுக்குப் பிறகு எல்லாக் குவாரிகளிலும் சோதனை நடந்தது. ஹிரேநாகவள்ளியில் அந்தச் சோதனைக்குப் பயந்து, பதுக்கி வைத்திருந்ததை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தப் போனபோதுதான் வெடித்தது என்பது அன்று வந்த செய்தி. பலர் கைதானார்கள். விசாரணை சி.ஐ.டி.க்குப் போனது.

கைது ஆனதும் நம் ஊரில் விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில்தான் சண்டை.

ஜெலட்டின் என்று பத்திரிகைகள் எழுதுகிற பொருள் இன்று பழைய ஜெலட்டின் இல்லை. நைட்ரோகிளிசரின் கலந்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004-லேயே நிறுத்தப்பட்டது. இப்போது குவாரிகளுக்குப் போவது பெரும்பாலும் அமோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட எமல்ஷன், ஸ்லரி வகைகள். கீழே போட்டால் வெடிக்கிற சமாச்சாரம் இல்லை இவை. டெட்டனேட்டர் வேண்டும். டெட்டனேட்டரோ கொஞ்சம் சூடு, கொஞ்சம் உரசல் என்றாலே போய்விடும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது, ஒரே பெட்டியில் ஏற்றக்கூடாது என்று விதி. ஆக, ஹிரேநாகவள்ளி மாதிரி இடத்தில் தடயவியல்காரர் தேட வேண்டியது "என்ன வெடித்தது" என்பதை மட்டுமல்ல, எது முதலில் வெடித்தது என்பதையும்தான். பள்ளத்தின் ஆழம், உலோகத் துண்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, மண்ணில் எந்த உப்பு ஒட்டியிருக்கிறது, டெட்டனேட்டர் குழாயின் நகக்கண் அளவு துணுக்கு கிடைக்கிறதா. இதெல்லாம் ஒரு மழையில், ஒரு மந்திரி வருகையில், நூறு பேர் செருப்புக் காலில் காணாமல் போய்விடும்.

தீயிலும் இதே கதைதான். "மின்கசிவு காரணமாக" என்ற இரண்டு வார்த்தை நம் பத்திரிகைகளில் எத்தனை தீயை மூடியிருக்கிறது! தீ பிடித்தால் வயரின் மேலுறை உருகி, கம்பிகள் ஒட்டி, ஷார்ட் சர்க்யூட் ஆகத்தான் செய்யும். அது தீயின் விளைவா, காரணமா என்பதுதான் கேள்வி. பெங்களூரில் என் மாமா மகனின் ஜெராக்ஸ் கடை எரிந்தபோது, பார்க்க வந்தவர் பத்து நிமிஷத்தில் "மின்கசிவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். அன்று கடையில் மெயின் ஸ்விட்ச் அணைத்திருந்தது என்று சொன்னதை அவர் குறித்துக்கொள்ளவே இல்லை.

நம்மிடம் திறமை இல்லையா? அதுதான் வயிற்றெரிச்சல். சென்னையில் 1849-லேயே இரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்தவர்கள் நாம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் சிதறிய துணித் துண்டுகளையும் எஃகு குண்டுகளையும் பொறுக்கி, அது இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்று நிறுவியது தமிழ்நாட்டுத் தடயவியல் துறை. இறந்தவர் முன்னாள் பிரதமர். குவாரிக் கூலிகளுக்கு அந்தப் பொறுமை கிடைக்குமா?

இன்னொன்று. ஹிரேநாகவள்ளி இருப்பது குடிபண்டே தாலுகா. பக்கத்துத் தாலுகா கௌரிபிதனூர். அங்கே 1965-லிருந்து எல் எழுத்து வடிவில் நிலஅதிர்வுக் கருவிகளை நட்டு, உலகத்தில் எங்கே பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறது நம் அணுசக்தித் துறை. வெடி என்றால் முதல் அலை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். பாறை நழுவினால் சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். எங்கள் வீட்டு டம்ளர்களை ஆட்டிய பாறை வெடிப்புகளையும் அந்தக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. தங்கவயலிலேயே 1988-ல் தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனம் தொடங்கினார்கள். உலகத்தின் மறுபக்கத்து வெடியைக் கேட்கிற மாவட்டத்தில் பக்கத்து ஊர்க் குவாரியில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று தெரியவில்லை.

டொராண்டோவில் இருப்பவர்களுக்கு 2008 ஆகஸ்ட் 10 ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் ஒரு புரொபேன் கிடங்கு வெடித்து, ஆயிரக்கணக்கானோரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் இரண்டு பேர். 2010-ல் ஒண்டாரியோ தீயணைப்புத் தலைமை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. லாரியிலிருந்து லாரிக்கு, அனுமதியில்லாத முறையில் எரிவாயு மாற்றியபோது குழாயில் கசிவு என்று அதில் இருந்தது. கனடா ஒன்றும் சொர்க்கம் இல்லை, அந்தக் கிடங்கு வீடுகளுக்கு நடுவில் இருந்ததே ஒரு கூத்து. ஆனால் என்ன நடந்தது என்று அந்தத் தெருக்காரர்களுக்குச் சொன்னார்கள்.

இதே மாதிரி அறிக்கை கன்னடத்தில் ஹிரேநாகவள்ளிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தொங்க வேண்டும் என்பது என் கட்சி. யார் குற்றவாளி என்பது கோர்ட் பாடு. எந்தப் பெட்டி, எந்த மேகசினிலிருந்து, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் வெளியே வந்தது, டெட்டனேட்டர் எங்கே இருந்தது, இவ்வளவுதான். பக்கத்துக் குவாரியில் நாளைக்கு வேலைக்குப் போகிறவனுக்குத் தேவையானது அது.

அந்த வாரம் அப்பாவிடம் போனில் இதைப் பற்றிப் பேசினேன். செய்தியை ஏற்கெனவே படித்திருந்தார். ஆறு பேர் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொத்தம் எத்தனை பெட்டி வாங்குனானாம்? வெடிச்சது போக மீதி எங்கேன்னு யாராவது எண்ணுனாங்களா?" என்று கேட்டார்.