காசு எங்கட, கதை எங்கட. கேம் ஆருக்குச் சொந்தம்?

மொபைல் கேம் செய்ய ஒரு கம்பனியைத் தேடுற நண்பர்கள் கேட்கிற முதற் கேள்வி, "எவ்வளவு முடியும்?" நாங்கள் சொல்லுறம்: விலையைப் பிறகு கேளுங்கோ. கேம் ஆருக்குச் சொந்தம் எண்டு முதல்ல கேளுங்கோ.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தன் வேலையாகச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கு. அது கம்பனி. நாங்கள் வெறும் வாடிக்கையாளர். மூல நிரல் எங்களுக்கு எண்டு எழுத்தில் தராத கம்பனி எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம்.

பிளே ஸ்டோர் கணக்கும் அப்பிடித்தான். ஒருமுறை 25 டொலர் கட்டினால் எங்கட பேரிலேயே திறக்கலாம். கம்பனியின் கணக்கில் கேமைப் போட்டால், நாளைக்கு முரண்பட்டு நிற்கும்போது திறப்பு அவையிட்டத்தான் இருக்கும்.

அடுத்தது மொழி. யூனிட்டியில் பரவலாகப் பாவிக்கிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழைத் தானாக ஒழுங்காகக் கோக்காது. 'பெயர்' எண்டு எழுதினால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால போய் நிற்கும். திருத்தத் தனி வேலை வேணும். "கடைசியில தமிழைப் போடலாம்" எண்டு சொல்லுறவையிடம், ஒரு தமிழ் வசனத்தைப் போனில் இப்பவே காட்டச் சொல்லுங்கோ.

"சின்னக் கேமுக்கு இவ்வளவு கெடுபிடியோ?" எண்டு கேட்பினம். ஃபிளாப்பி பேர்டும் சின்னக் கேம்தான். 2014 பெப்ரவரியில், அது உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம், வியட்நாமின் டொங் நுயென் அதைத் தானே ஸ்டோரில் இருந்து எடுத்தார். வைக்கிறதும் எடுக்கிறதும் அவரின் கையில் இருந்தது.

எங்கட கதைகளுக்கும் அந்த உரிமை வேணும். அதைத் தரமாட்டன் எண்டுறவையோடு பேரம் எதுக்கு?